ஆகஸ்டு பதினைந்தும் நம் குழந்தைகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழாவில் பேசுவதற்குப் பேராசிரியர்களையும் புலவர்களையும் அழைப்பதே நம் வழக்கம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்சல் அலுவலகத்தில் ரசீதும் பதிவேடும் எழுதிவரும் என்னைச் செயலாளர் அவர்கள் பேசப் பணித்தது, என் தகுதியை நோக்கியன்று. அவர்களுடைய அன்பினாலேயே ஆகும். இலக்கியம் பேசும் ஆற்றல் எனக்கு இல்லை. ஆயினும், ஞாயிறுதோறும் நம் சங்கக் கட்டடத்தில் நடைபெறும் தமிழ் வகுப்பில் ஆறு ஆண்டுகளாகச் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பித்து வருபவன் என்ற முறையில், ஒரு பொருளைப் பற்றி உங்கள் முன் விண்ணப்பம் செய்துகொள்ள விரும்புகிறேன். ஆகஸ்டு பதினைந்தாம் நாளின் வரலாற்றை நம் குழந்தைகளுக்கு எவ்வாறு சொல்வது என்பதே அப்பொருள்.

ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் காலனி மைதானத்தில் கொடி ஏற்றுகிறோம். குழந்தைகள் வெள்ளுடை உடுத்து அணிவகுத்து நிற்கிறார்கள். நாட்டுப் பண் பாடுகிறார்கள். இனிப்புப் பொட்டலம் பெற்று வீடு திரும்புகிறார்கள். இதில் குறை ஒன்றுமில்லை. மகிழ வேண்டிய நாளில் மகிழ்வதே முறை. ஆனால் நாம் குடியிருப்பது வங்க மண். நம் இரயில்வே குடியிருப்பின் சுவருக்கு அப்பாலுள்ள தெருக்களில், அந்த ஆகஸ்டு மாதத்தினால் ஊரிழந்து வந்த குடும்பங்கள் பல உள்ளன. அவர்களை இங்கே 'உத்பாஸ்து' என்பார்கள். நாம் 'வாஸ்து' என்று வழங்கும் சொல்லே வங்க மொழியில் 'பாஸ்து' ஆயிற்று. வீடு நின்ற நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டவர் என்பது அச்சொல்லின் பொருள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் வளரும் பிள்ளை இவ்வரலாற்றை அறியாமலே வளர்ந்துவிடலாம். நம் பிள்ளை அவ்வாறு வளர்தல் அண்டை வீட்டாரை அறியாமல் வாழ்வதற்கு ஒப்பாகும்.

சென்ற ஆகஸ்டுக்குப் பின் வந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, "எதிர்வீட்டு டாகுமா மட்டும் ஏன் கொடியேற்றத்துக்கு வருவதே இல்லை?" என்று கேட்டாள். டாகுமா என்றால் பாட்டி என்பதை நீங்கள் அறிவீர்கள். அங்கிருந்த பெரியவர் ஒருவர், "அவருக்கு வயதாகிவிட்டது அம்மா" என்று சொல்லி அக்கேள்வியை முடித்துவிட்டார். வயதாகிவிட்டது உண்மைதான், தொண்ணூறை நெருங்குகிறவர். ஆனால் துர்க்கா பூஜைப் பந்தலுக்கு அவர் ஆண்டுதோறும் நடந்தே வருகிறார் என்பது அச்சிறுமிக்குத் தெரியும். அவள் முகத்தில் ஐயம் நீங்கவில்லை.

சில நாட்கள் கழித்து அவ்வம்மையாரின் மகனிடம் அனுமதி பெற்று நான் சென்று கேட்டேன். அவர் குல்னா நகரத்தைச் சேர்ந்தவர். 1947 ஆகஸ்டு 15 அன்று அந்நகரில் ஏறியது நம் மூவண்ணக் கொடி. பத்து வயதுச் சிறுமியாகப் பள்ளி வரிசையில் நின்று, கையில் சந்தேஷ் இனிப்பு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாராம். இரண்டு நாட்களுக்குப் பின் எல்லைத் தீர்ப்பு வெளியாயிற்று. குல்னா பாகிஸ்தானுக்கு என்றது அத்தீர்ப்பு. ஏறிய கொடி இறங்கிற்று. வேறு கொடி ஏறிற்று. 1950-இல் கலவரம் மூண்டபோது குடும்பத்தோடு புறப்பட்டு சியால்தா நிலையத்தை அடைந்தார்கள். நடைமேடையிலேயே நான்கு மாதம் வாழ்ந்தார்கள். அங்கே பரவிய காலரா அவருடைய தம்பியைக் கொண்டுபோயிற்று. "கொடியின்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த இனிப்பைக் கையில் வாங்க முடியவில்லை. அதனால் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன்" என்றார்.

இதை அந்தச் சிறுமிக்கு எப்படிச் சொல்வது? சொல்லலாமா, கூடாதா? இக்கேள்வியே என்னை நூலகத்துக்கு அனுப்பிற்று. படித்தறிந்தவற்றுள் ஐயத்திற்கு இடமில்லாத சிலவற்றை மட்டும் இங்கே கூறுகிறேன்.

முதலில் நாளைப் பற்றியே பார்ப்போம். நம் தலைவர்கள் தாமாகத் தேர்ந்த சுதந்திர நாள் ஆகஸ்டு 15 அன்று. ஜனவரி 26 ஆகும். 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் பூரண சுயராஜ்யத் தீர்மானம் நிறைவேற்றிய பின், 1930 ஜனவரி 26 நாடெங்கும் சுதந்திர நாளாகக் கொண்டாடப்பட்டது. தொடர்ந்து ஆண்டுதோறும் கொண்டாடப்பட்டது. அந்நாளுக்கு மதிப்பளித்தே 1950-இல் நம் அரசியலமைப்பு அதே நாளில் நடைமுறைக்கு வந்தது. ஆகஸ்டு 15-ஐக் குறித்தவர் மௌண்ட்பேட்டன் பிரபு. 1948 ஜூனுக்குள் ஆட்சியை ஒப்படைப்பதாகவே பிரிட்டிஷ் பிரதமர் அட்லி 1947 பிப்ரவரியில் அறிவித்திருந்தார். மௌண்ட்பேட்டன் அதனை ஏறத்தாழ பத்து மாதம் முன்னுக்கு இழுத்தார். தென்கிழக்கு ஆசியாவில் நேசப் படைகளின் தலைவராக இருந்தவராதலின், ஜப்பான் சரணடைந்த நாளின் இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதனால் அந்நாளைத் தேர்ந்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார்.

நாள் குறித்தாயிற்று; எல்லை குறித்தாகவில்லை. அதற்கெனச் சிரில் ராட்கிளிஃப் என்ற ஆங்கில வழக்கறிஞர் ஜூலை 8-ஆம் நாள் வந்து சேர்ந்தார். அதற்கு முன் இந்நாட்டுக்கு அவர் வந்ததே இல்லை. பஞ்சாபையும் வங்கத்தையும் பிரித்துக் கோடு போட அவருக்குக் கிடைத்த காலம் ஐந்து வாரம். தீர்ப்பு விழாவுக்கு முன்பே ஆயத்தமாகிவிட்டது. ஆயினும் ஆகஸ்டு 17-இல்தான் வெளியிட்டார்கள். ஆதலின், ஆகஸ்டு 15 அன்று கொடியேற்றிய பல ஊர்கள், தாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை அறியாமலே கொடியேற்றின. குல்னாவில் நம் கொடி ஏறி இறங்கியது போலவே, முர்ஷிதாபாதிலும் மால்தாவிலும் பாகிஸ்தான் கொடி ஏறிப் பின் இறங்கிற்று. நதியா மாவட்டத்தின் சில ஊர்களில் இன்றும் ஆகஸ்டு 18-ஐக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓர் ஊரின் மகிழ்ச்சி மற்றோர் ஊரின் கண்ணீராக இருந்ததென்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

வங்கத்தைப் பிரித்தவர் வெள்ளையரே என்று சொல்லி முடிப்பதும் முழு உண்மையாகாது. 1947 ஜூன் 20-இல் வங்கச் சட்டமன்றம் கூடி வாக்களித்தது. மேற்குப் பகுதி உறுப்பினர்களில் 58 பேர் பிரிவினைக்கு ஆதரவாகவும் 21 பேர் எதிராகவும் வாக்களித்தனர். கிழக்குப் பகுதி உறுப்பினர்களில் 106 பேர் பிரிவினை வேண்டாம் என்றும் 35 பேர் வேண்டும் என்றும் வாக்களித்தனர். பிரிக்காத தனி வங்கம் வேண்டுமென்று சரத் சந்திர போஸும் சுஹ்ரவர்தியும் முயன்றதும் உண்டு. 1946 ஆகஸ்டில் கல்கத்தாவிலும், அக்டோபரில் நவகாளியிலும், அதையடுத்துப் பீகாரிலும் சிந்திய இரத்தம் அவ்வாக்குகளின் பின்னே நின்றது. ஓரிடத்தில் இந்துக்கள் மாண்டார்கள். ஓரிடத்தில் முஸ்லிம்கள் மாண்டார்கள்.

அண்ணல் காந்தி அன்று எங்கே இருந்தார்? டில்லி விழாவில் அவர் இல்லை. கல்கத்தாவின் பேலியாகாட்டாப் பகுதியில், ஹைதரி மன்ஸில் என்ற பழைய வீட்டில் சுஹ்ரவர்தியோடு தங்கியிருந்தார். உண்ணா நோன்பிலும் நூல் நூற்பதிலும் வழிபாட்டிலும் அந்நாளைக் கழித்தார். ஆகஸ்டு இறுதியில் கலவரம் மீண்டும் தலைதூக்கியபோது, செப்டம்பர் 1 முதல் 4 வரை உண்ணாவிரதமிருந்து அந்நகரை அமைதிக்குக் கொணர்ந்தார். அவ்வீடு இன்று நினைவகமாக விளங்குகிறது. நம் குழந்தைகளை ஒரு பகற்பொழுதில் அழைத்துச் சென்று திரும்பலாம்.

இரயில்வேயில் பணிபுரியும் நாம் அறிய வேண்டியதும் ஒன்று உண்டு. நாட்டோடு இரயில்வேயும் பிரிந்தது. வங்காள அஸ்ஸாம் இரயில்வேயும் வடமேற்கு இரயில்வேயும் கூறுபட்டன. இந்தியாவா, பாகிஸ்தானா என்று எழுதிக் கொடுக்குமாறு அரசு ஊழியர்களைக் கேட்டார்கள். நம்மைப் போல் மாதச் சம்பளத்தில் வாழ்ந்த எழுத்தர்களும், ஓட்டுநர்களும், பாயிண்ட்ஸ்மேன்களும் ஒரு தாளில் கையெழுத்திட்டுத் தம் நாட்டைத் தீர்மானித்தார்கள். பஞ்சாபில் அகதிகளை ஏற்றிய வண்டிகள் தாக்கப்பட்டன. அதே வண்டிகளை உயிருக்கு அஞ்சாமல் ஓட்டியவர்களும் இரயில்வே ஊழியர்களே. அஸ்ஸாமுக்குச் சென்ற பாதை எல்லைக்கு அப்பால் போய்விட்டதால், ஆறுகளையும் காடுகளையும் கடந்து புதிய பாதை அமைத்து, 1950 ஜனவரியில் பயணிகள் வண்டியை விட்டார்கள். துயரைச் சொல்லும்போது இத்தகைய துணிவையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இக்கருத்தை நண்பர்கள் சிலரிடம் முன்பே சொன்னபோது, அவர்கள் மூன்று மறுப்புகளைக் கூறினார்கள். மூன்றும் நல்லெண்ணத்தில் பிறந்தவையே. ஆகையால் அவற்றுக்கு விடைகூறக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதல் மறுப்பு: "இது வங்காளிகளுடைய, பஞ்சாபிகளுடைய துயரம். பிழைக்க வந்த தமிழருக்கு இதில் என்ன?" இந்நாளின் பொருள் குறித்துத் தமிழகத்திலும் பெரிய கருத்து வேறுபாடு எழுந்தது என்பதை நண்பர்கள் மறந்துவிடலாகாது. தந்தை பெரியார் 1947 ஆகஸ்டு 15-ஐத் துக்க நாள் என்றார். வெள்ளையர் கையிலிருந்த அதிகாரம் வடநாட்டார்க்கும் உயர்ந்த சாதியார்க்கும் மாறுகிறதேயன்றி, எளிய மக்களுக்கு விடுதலை வரவில்லை என்பது அவர் கருத்து. அவருடைய தளபதியாக இருந்த அறிஞர் அண்ணா 'திராவிட நாடு' இதழில் அதை மறுத்து, அந்நிய ஆட்சி அகன்ற நாள் மகிழ்ச்சிக்குரிய நாளே என்று எழுதினார். ஒரே இயக்கத்தில், ஒரே இலட்சியத்தோடு, ஒருவரையொருவர் மதித்த இருவர் ஒரே நாளைப் பற்றி இவ்வாறு மாறுபட்டனர். பின்னர், 1974-இல், அவ்வியக்கத்தில் வளர்ந்த கலைஞர் கருணாநிதி, சுதந்திர நாளில் ஆளுநருக்குப் பதிலாக முதலமைச்சர் கொடியேற்றும் உரிமையை வாதாடிப் பெற்று, சென்னைக் கோட்டையில் தாமே ஏற்றினார். துக்கமா மகிழ்ச்சியா என்று தொடங்கிய வழக்கு, கொடியை ஏற்றும் உரிமை யாருக்கு என்பதில் வந்து நின்றது. வாதத்தினால் நாடு சிதையவில்லை, நாள் பொதுவுடைமையாயிற்று.

தமிழ் பேசும் புதுச்சேரியையும் எண்ணிப் பாருங்கள். 1947 ஆகஸ்டு 15 அன்று அங்கே பிரெஞ்சு ஆட்சி நடந்துகொண்டிருந்தது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறிற்று. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்டு 16-இல். கோவா 1961 டிசம்பர் 19-இல் விடுபட்டது. ஐதராபாத் 1948 செப்டம்பரில் இணைந்தது. அந்நாளை விடுதலை என்பதா, இணைப்பு என்பதா என்ற வாதம் அங்கே இன்றும் ஓயவில்லை. ஆகவே, ஒரே நாளில் நாடு முழுவதும் ஒரே வகையில் விடுதலை பெற்றது என்று நாம் கற்பிப்பது, நம் புதுச்சேரி உறவினர்களுக்கே பொருந்தாது.

இரண்டாம் மறுப்பு: "இளம் உள்ளத்தில் துயரத்தையும் வெறுப்பையும் ஏன் விதைக்க வேண்டும்?" இதற்கு என் அலுவலக அனுபவத்திலிருந்தே விடை கூறுகிறேன். பார்சல் ஒன்று சேதமாகி வந்தால், சேதத்தைப் பதிவேட்டில் எழுதி, உரியவருக்குக் காட்டி, அதன் பின்னரே ஒப்படைப்போம். மறைத்து ஒப்படைத்தால், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்ப்பவர் எங்களை மட்டுமா ஐயுறுவார்? அன்றுமுதல் எங்கள் கையெழுத்தையே நம்பமாட்டார். வரலாறும் அத்தகையதே. நாம் சொல்லாவிட்டால் குழந்தை அறியாமல் இருந்துவிடப் போவதில்லை. கையிலுள்ள தொலைபேசியில், யாரோ ஒருவர் சினத்தோடு பேசக் கேட்டு அறிந்துகொள்ளும். அங்கே பாதி உண்மை வரும். மற்றப் பாதி வராது. 2021 முதல் ஆகஸ்டு 14-ஐப் பிரிவினைக் கொடுமைகளின் நினைவு நாள் என்று அரசே அறிவித்திருக்கிறது. ஆகையால் சொல்வதா வேண்டாமா என்ற கேள்வி தீர்ந்துவிட்டது. யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதே எஞ்சியுள்ளது. அன்போடு சொல்லக்கூடியவர் வீட்டிலும் சங்கத்திலும் இருக்கும்போது அப்பணியை அயலாரிடம் விடுவானேன்?

மூன்றாம் மறுப்பு: "சங்கத்துக்குள் அரசியல் புகுந்துவிடும்." நம் சங்கத்தில் எல்லாக் கட்சியினரும் உண்டு. எல்லாரும் பொங்கலன்று ஒரே பந்தியில் அமர்கிறோம். பெரியார் சொன்னதே சரி என்றோ, அண்ணா சொன்னதே சரி என்றோ நாம் தீர்ப்பளிக்கத் தேவையில்லை. 1948-இல் கல்கத்தாவில் கூடிய மாநாட்டுக்குப் பின் பொதுவுடைமைக் கட்சியினர் இச்சுதந்திரம் பொய்யானது என்று முழங்கினார்கள். சில ஆண்டுகளில் அக்கொள்கையைக் கைவிட்டு முதல் பொதுத் தேர்தலில் நின்றார்கள். யார் என்ன சொன்னார், ஏன் சொன்னார், பின்னர் என்ன ஆயிற்று என்று நேர்மையாக எடுத்துரைத்தால் அது கல்வி. ஒருவர் சொன்னதை மட்டும் உரைத்து மற்றவர் சொன்னதை மறைத்தால் அதுவே கட்சிப் பேச்சு.

இனி, எவ்வாறு கற்பிப்பது என்பதைச் சுருக்கமாகக் கூறி முடிக்கிறேன். எல்லாவற்றையும் எல்லா வயதினர்க்கும் சொல்லலாகாது. எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடியும் பாட்டும் இனிப்புமே போதும். நம்மை நாமே ஆள்கிறோம் என்ற மகிழ்ச்சி முதலில் மனத்தில் பதியட்டும். எட்டு முதல் பன்னிரண்டு வயதினர்க்கு இரண்டு தேசப்படங்களைச் சுவரில் மாட்டுவோம்: ஒன்று 1947-க்கு முந்தையது, மற்றொன்று பிந்தையது. குல்னாவையும் முர்ஷிதாபாதையும் அவர்களே விரல் வைத்துக் காட்டட்டும். செங்கோட்டையில் நேரு முதன்முதலில் கொடியேற்றியது ஆகஸ்டு 16-இல் என்பது போன்ற செய்திகளை வினாவிடையாகக் கேட்போம். எல்லாரும் சொல்வதையும் சரிபார்க்கும் பழக்கம் அதனால் உண்டாகும். பன்னிரண்டுக்கு மேற்பட்டவர்க்குப் பெரியார் அண்ணா கருத்து வேறுபாட்டைப் பட்டிமன்றமாக வைப்போம். ஒரு பக்கம் பேசிய பிள்ளையே அடுத்த வாரம் மறு பக்கமும் பேச வேண்டும் என்று விதி செய்வோம்.

கற்பிப்பவர் மனத்திற்கொள்ள வேண்டியவை மூன்று. கொலை செய்தவனைக் கொலைகாரன் என்று சொல்லலாம். அவன் பிறந்த சமயத்தை முழுவதும் குற்றவாளியாக்கலாகாது. கல்கத்தாவையும் நவகாளியையும் சொல்லும் வாய் பீகாரையும் சொல்ல வேண்டும். 1950-இல் குல்னாவிலிருந்து வந்தவரைச் சொல்லும்போது, அதே ஆண்டு ஹௌராவிலிருந்து அஞ்சி ஓடிய முஸ்லிம் குடும்பங்களையும் சொல்ல வேண்டும். இரண்டாவதாக, எண்களைக் கையாளும்போது எச்சரிக்கை வேண்டும். பிரிவினையில் மாண்டவர் இரண்டு இலட்சம் என்பாரும் உண்டு. இருபது இலட்சம் என்பாரும் உண்டு. எண்ணி எழுதுவதற்குக்கூட ஆளில்லாத காலம் அது என்பதையே அவ்வேறுபாடு காட்டுகிறது. இடம் பெயர்ந்தவர் ஒரு கோடிக்கும் மேல் என்பதில் ஐயமில்லை. மூன்றாவதாக, முதியவர்களிடம் கேட்கப் பிள்ளைகளை அனுப்பும்போது, முதலில் அவர்களுடைய விருப்பத்தை அறிய வேண்டும். பேச விரும்பாதவரை வற்புறுத்தலாகாது. அவர்களுடைய மௌனமும் மதிக்கத்தக்கதே.

அச்சிறுமிக்கு நான் என்ன விடை சொன்னேன் என்று கேட்பீர்கள். அவ்வம்மையாரின் இசைவைப் பெற்று, "அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவருடைய ஊர் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. வழியில் தம்பியையும் இழந்துவிட்டார். நமக்கு மகிழ்ச்சியான நாள் அவருக்கு மகிழ்ச்சியும் துக்கமுமான நாள்" என்று மட்டும் சொன்னேன். குழந்தை அழவில்லை; அஞ்சவில்லை. "அப்படியானால் நாம் இனிப்பு கொடுக்கக் கூடாது, வேறு ஏதாவது கொடுக்கலாம்" என்றாள். பத்து வயதில் இவ்வளவு புரிந்துகொள்ளக் கூடுமானால், உண்மையைக் கண்டு நாம் அஞ்சுவதற்குக் காரணம் இல்லை.

ஆகவே, சங்கத்தின் செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 15-க்கு முந்தைய ஞாயிறன்று, தமிழ் வகுப்பில் ஒரு மணி நேரத்தை இவ்வரலாற்றுக்கு ஒதுக்கித் தாருங்கள். இரண்டு தேசப்படங்கள் வாங்கச் சிறு தொகை அனுமதியுங்கள். பேலியாகாட்டா நினைவகத்துக்கு ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். பெற்றோர்களும் அவ்வகுப்பில் பின்வரிசையில் அமரலாம். பிழை நேர்ந்தால் எழுந்து திருத்தலாம். கொடியேற்றமும் பாட்டும் இனிப்பும் முன்போலவே நடைபெறட்டும். ஒன்றையும் குறைக்கச் சொல்லவில்லை.

விடுதலையை விலை கொடுத்துப் பெற்றோம் என்று மேடைதோறும் சொல்கிறோம். அவ்விலையை யார் யார் கொடுத்தார்கள் என்று பிள்ளைகள் கேட்கும்போது, பெயர் தெரியாத அந்த மக்களையும் கணக்கில் சேர்த்துச் சொல்லும் நேர்மை நமக்கு வேண்டும். அப்படி அறிந்த பிள்ளை கொடியை இன்னும் அன்போடு வணங்கும் என்பது என் நம்பிக்கை.



வாழ்க தமிழ்! வாழ்க பாரதம்!